அப்பா சொன்னது ஒன்று, அறிக்கையில் வந்தது ஒன்று

பிப் (PIP), அதாவது நோயாலோ இயலாமையாலோ அன்றாடம் சிரமப்படுகிறவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் உதவித்தொகை. அதற்கு விண்ணப்பம் என்றாலே எங்கள் ஆட்கள் படிவத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள். எத்தனை கேள்வி, எதை எழுதுவது, யாரைப் பிடித்து நிரப்புவது என்று. எங்கள் வீட்டில் படிவம் ஒழுங்காகத்தான் போனது. அதற்குப் பிறகு மதிப்பீட்டாளரோடு கதைக்க வேண்டிய இடத்தில்தான் எல்லாம் குழம்பியது. பாரிசவாதம், தலையில் அடி, செவிப்புலன் குறைவு, மறதி நோய் என்று ஏதோ ஒன்றால் பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரோடு, அதுவும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, பிரித்தானியாவில் இந்த மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2013இல் டிஎல்ஏ (DLA) என்ற பழைய இயலாமைக் கொடுப்பனவின் இடத்தில் வந்ததுதான் பிப். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எல்லாவற்றுக்கும் இதுதான். ஸ்கொட்லாந்தில் இப்போது தனி முறை. வேலை செய்கிறீர்களா, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. நோயின் பெயருக்கும் புள்ளி இல்லை. அன்றாடம் எதைச் செய்ய முடிகிறது, எதற்கு உதவி வேண்டியிருக்கிறது என்பதற்குத்தான் புள்ளி. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 10 செயல்கள், நடமாட்டப் பகுதியில் 2. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது மூளையின் இடது பக்கத்தில். கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை பலவீனமாகவே நின்றுவிட்டது. பேச்சுத்தான் திரும்பி வரவில்லை. அஃபேசியா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். நாக்கு இழுத்துக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது வேறு. அஃபேசியாவில் புத்தி மழுங்குவதில்லை. சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், சொல் கிடைக்காது. கிடைத்தாலும் வேறொன்று வந்து விழும். சாவியைக் கேட்க நினைத்துக் கரண்டி என்பார். ‘ஓம்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘இல்லை’ வரும், தலையும் அதற்கேற்ப ஆடும். எண்கள் அதைவிட மோசம். பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவில் வருடக்கணக்காக நின்ற மனிதர், ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையில் தடுமாறுகிறார்.

ஆனால் மனப்பாடமாகக் கிடப்பவை தங்குதடையில்லாமல் வரும். கிழமைகளை வரிசையாகச் சொல்லுவார். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவார். வெள்ளிக்கிழமை சாமியறையில் ஒரு தேவாரத்தை முழுதாகப் பாடி முடிப்பார். முடித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்கச் சொல் கிடைக்காமல் குசினிப் பக்கம் கையைக் காட்டுவார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் தேவாரத்தைக் கேட்டுவிட்டு “நல்லாத்தானே கதைக்கிறார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அரை மணி நேரம் மட்டும் கேட்கிற எவருக்கும் இந்த மயக்கம் வரும். மதிப்பீட்டாளருக்கு மட்டும் எப்படி வராமல் இருக்கும்?

பிப் விதிகளில் ஏழாவது செயல் பேச்சு மூலமான தொடர்பாடல். சிக்கலான தகவலைச் சொல்லவோ விளங்கவோ தொடர்பாடல் உதவி வேண்டும் என்றால் 4 புள்ளி. எளிய தகவலுக்கே அந்த உதவி வேண்டும் என்றால் 8. உதவி இருந்தாலும் முடியவே முடியாது என்றால் 12. இதில் எங்கள் ஆட்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. எளிய தகவல் என்றால் என்ன என்பதைச் சட்டமே வரையறுக்கிறது: விண்ணப்பிக்கிறவருடைய தாய்மொழியில், ஒரு எளிய வசனத்தில் சொல்லப்படுவது. வாசிப்பு பற்றிய எட்டாவது செயலும் தாய்மொழியை வைத்துத்தான்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். இங்கிலிஷ் தெரியாது என்பதற்குப் புள்ளி கிடையாது. “இங்கிலிஷ் விளங்காது எண்டு எழுதி விடுங்கோ, புள்ளி தருவினம்” என்று கோயிலில் ஒருவர் அம்மாவுக்குப் புத்தி சொன்னார். அப்படி எழுதினால் அதற்குப் பூச்சியம்தான். அதோடு உண்மையான பாதிப்பும் அந்த வரிக்குள் மறைந்துபோகும். மறுபக்கத்தில், ஒருவர் தமிழிலேயே தடுமாறுகிறார் என்றால், மொழிபெயர்ப்பாளர் இருந்ததால் தொடர்பாடல் பிரச்சினை தீர்ந்தது என்று எவரும் எழுத முடியாது. மொழிபெயர்ப்பாளர் இங்கிலிஷுக்குப் பாலம். உடைந்துபோன தமிழுக்கு அவர் பாலம் இல்லை.

அவர் அதற்கும் பாலம் போட முயன்றதில்தான் எங்கள் பிரச்சினை தொடங்கியது.

மதிப்பீடு தொலைபேசியில். மறுமுனையில் மதிப்பீட்டாளர், இன்னொரு இணைப்பில் மொழிபெயர்ப்பாளர், இந்தப் பக்கம் மேசையில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துக்கொண்டு அப்பாவும் நானும். மொழிபெயர்ப்பாளர் வயதானவர், பண்பானவர். “ஐயா, சுகமா இருக்கிறீங்களோ?” என்று தொடங்கினார். அப்பா “ஓம், ஓம், நல்ல சுகம்” என்றார். எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவரும் இந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் சொல்லுவார். அந்த ‘நல்ல சுகம்’ பிறகு அறிக்கையில் ஒரு வரியாகவே வந்தது.

ஒலிப்பதிவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். யார் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். நாள் குறித்துக் கடிதம் வந்த கையோடு கேட்க வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது. அந்தப் பதிவு வந்த பிறகுதான், நடந்தது என்ன என்று எழுத்தில் காட்ட முடிந்தது. ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்தேன். முதலாவதில் கேள்வி. இரண்டாவதில் அப்பா சொன்னது, உள்ளபடி. மூன்றாவதில் மொழிபெயர்ப்பாளர் இங்கிலிஷில் சொன்னதன் பொருள்.

கேள்வி: ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?
அப்பா: “காலமை... காலமை... அது... இவ... தே... தே... போட்டு... பிறகு... நான்... அதுதான்.”
மொழிபெயர்ப்பு: காலையில் மனைவி தேநீர் போட்டுத் தருவார். அதற்குப் பிறகு நான் ஓய்வாக இருப்பேன்.

கேள்வி: மருந்துகளை நீங்களே எடுப்பீர்களா?
அப்பா: “ஓம். இல்லை... ஓம். வெள்ளை... கரண்டி... கரண்டி இல்லை... மகள்.”
மொழிபெயர்ப்பு: ஆம், எடுப்பேன். சில நேரம் மகள் உதவி செய்வார்.

‘ஓய்வாக இருப்பேன்’ அப்பாவின் வாயில் வரவேயில்லை. ‘சில நேரம்’ என்பதும் இல்லை. கரண்டி என்ற சொல் காற்றோடு போய்விட்டது. இடையில் கிடந்த மௌனங்களும் போய்விட்டன. ஒரு கேள்விக்கு அப்பா வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருந்த நேரம் பதிவில் அப்படியே ஓடுகிறது. மூன்றாவது பத்தியில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

அந்த மனிதர் வஞ்சகம் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர் ஒருவர் தடுமாறுகிறார், அவருடைய மானத்தைக் காப்பாற்றுவோம் என்று நினைத்திருப்பார். சாதாரணக் கூட்டத்தில் அது மரியாதை. இந்த இடத்தில் அதுவே எங்களுக்கு வினை. மதிப்பீட்டாளரின் காதில் விழுந்தது முழு வசனங்கள். அவர் தான் கேட்டதை எழுதினார்: கேள்விகளுக்குப் பொருத்தமாகப் பதிலளித்தார், சொல் தேடும் சிரமம் காணப்படவில்லை, மீண்டும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கிழமைகளைச் சொல்லக் கேட்டதற்குப் பிழையில்லாமல் சொன்னார் என்பதும் ஒரு சாட்சியாக வந்தது. சமையல், குளியல், உடை மாற்றுவது மூன்றுக்கும் கைப் பலவீனத்துக்காக இரண்டு இரண்டாக 6 புள்ளி. பேச்சுக்கும் வாசிப்புக்கும் பூச்சியம். 8 வரவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை.

முடிவுக் கடிதம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, மதிப்பீட்டாளரின் முழு அறிக்கையைக் கேட்டு வாங்குவது. கடிதத்தில் அதன் சாரம் மட்டும்தான் இருக்கும். மறுபரிசீலனை கேட்க, கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதம் அவகாசம். அறிக்கை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மாதம் ஓடிவிடும். மறுபரிசீலனை வேண்டும், ஆதாரம் பின்னால் வருகிறது என்று முதலில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

மறுபரிசீலனையில் எங்களுக்கு எதுவும் மாறவில்லை. அந்தக் கட்டத்தில் ஒலிப்பதிவு கைக்கு வரவில்லை. எங்களிடம் இருந்தது ஜி.பி., அதாவது குடும்ப வைத்தியர் கொடுத்த நாலு வரிக் கடிதம் மட்டும். பாரிசவாதம் வந்தது, மாத்திரைகள் இவை என்று அதில் இருந்தது. இந்த உதவித்தொகைக்கு அப்படிப்பட்ட கடிதத்தால் அதிகம் ஆவதில்லை. நோய் இருப்பதை எவரும் மறுக்கவில்லை, அதனால் என்ன முடியவில்லை என்பதுதான் கேள்வி.

பிறகு தீர்ப்பாயம். மறுபரிசீலனை முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு போட வேண்டும். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா பயந்தா. உள்ளே இருந்தது ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் அனுபவம் உள்ள ஒருவர், ஆக மூன்று பேர். ஒரு மேசை, தண்ணீர்க் கோப்பைகள். மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். படிவத்தில் மொழியைக் குறிப்பிடும்போது இலங்கைத் தமிழ் என்று எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டுக்காரர் வந்தால் குற்றமில்லை. ஆனால் ஏற்கெனவே சொல் தேடித் திணறுகிறவருக்கு, பழகாத பேச்சு வழக்கு இன்னொரு பாரம்.

அதற்கு முன்பாக நாங்கள் அனுப்பியவை மூன்று. ஒன்று, அந்த மூன்று பத்தித் தாள். இரண்டாவது, ஸ்பீச் தெரபிஸ்டின் கடிதம். அவரிடம் ‘ஒரு கடிதம் தாருங்கள்’ என்று மட்டும் கேட்கவில்லை. ஏழாவது, எட்டாவது செயல்களின் வாசகத்தையும், தாய்மொழி பற்றிய வரையறையையும் அச்செடுத்துக் கொடுத்து, இவற்றுக்கு உங்களுடைய பதில் என்ன என்று கேட்டோம். தமிழிலும் இங்கிலிஷிலும் ஒரே மாதிரிப் பாதிப்பு, எளிய கேள்விக்கும் இவருடைய பேச்சுக்குப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஓம்-இல்லை பதிலை நம்ப முடியாது என்று தெளிவாக எழுதித் தந்தார். அந்தக் கடைசி வரி பொன்.

மூன்றாவது, நடந்த சம்பவங்கள். ‘கதைக்கக் கஷ்டப்படுகிறார்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் மனதில் ஒன்றும் பதியாது. நாங்கள் எழுதியது இப்படி: பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதா என்று நர்ஸ் கேட்டபோது அப்பா ‘இல்லை, இல்லை’ என்றார், அவருக்குப் பெனிசிலின் உண்மையில் ஒத்துக்கொள்ளாது, பக்கத்தில் நின்ற அம்மாதான் மறித்துச் சொன்னா. பிப் விதிப்படி ஒரு செயலை ஒருவரால் செய்ய முடியும் என்று சொல்வதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. பெனிசிலின் சம்பவம் பாதுகாப்புக்குச் சாட்சி. ஒலிப்பதிவில் ஓடிய மௌனங்கள் நேரத்துக்குச் சாட்சி. இப்படி ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு நிபந்தனையின் கீழ் கொண்டுபோய் வைத்தால், அது வெறும் முறைப்பாடாக நிற்காது.

இன்னொன்றும் விதிகளில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தொடர்பாடல் உதவி என்றால் பயிற்சி பெற்றவர் மட்டும் இல்லை. அந்தக் குறிப்பிட்ட ஆளோடு கதைத்துப் பழகிய குடும்பத்தவரும் அதில் அடங்குவர். “மகள் சொன்னால் விளங்குது, அப்ப பிரச்சினை இல்லைத்தானே” என்ற எண்ணம் தலைகீழானது. மகள் சொன்னால்தான் விளங்குகிறது என்பதுதான் புள்ளிக்குரிய விஷயமே. இருந்தாலும் மதிப்பீட்டில் நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், அப்பா எப்படித் திணறுகிறார் என்று அவர்களுக்குத் தெரியவராது. தீர்ப்பாயத்தில் நாங்கள் செய்தது: முதலில் அப்பா சொல்லட்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும், பிறகு அவருடைய சம்மதத்தோடு நான் விளக்குவேன். இதைத் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லி வைத்தோம்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தையும் தொடக்கத்திலேயே எழுப்பினேன். இவருக்கு அஃபேசியா. சொல் பாதியில் நின்றால் பாதியில் நின்றது என்று சொல்லுங்கள். பொருந்தாத சொல் வந்தால் அதே சொல்லை அப்படியே இங்கிலிஷில் சொல்லுங்கள். வசனம் ஆக்க வேண்டாம். நீதிபதி அதை ஏற்று மொழிபெயர்ப்பாளருக்குத் தாமும் ஒருமுறை சொன்னார். அன்றைக்கு வந்த பெண் கெட்டிக்காரி. அப்பா ஏதோ சொல்ல, “பொருள் விளங்காத ஒலி, அதற்குப் பிறகு ‘கதவு’ என்ற சொல்” என்று ஒழுங்காகச் சொன்னா. கேட்கப்பட்டது காலைச் சாப்பாடு பற்றி. அந்த ஒரு கதவு, முந்திய அறிக்கையின் பக்கங்களை எல்லாம் தின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

தன்னால் என்னென்ன முடியாது என்று மகள் வரிசையாகச் சொல்ல, அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. முந்தைய இரவே இருவருமாக அந்தத் தாள்களைப் பார்த்தோம். எதைச் சொல்லலாம், எதை அவர் விரும்பவில்லை என்று விரலால் காட்டச் சொன்னேன். கழிவறை பற்றிய ஒரு பத்தியில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். அதை எடுத்துவிட்டேன். ஒரு புள்ளி குறைந்திருக்கலாம், பரவாயில்லை. அழுது காட்டு, இன்னும் மோசமாக நடி என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எங்கள் சமூகத்தில் நிறைய. அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

தீர்ப்பாயம் பேச்சுக்கு 8 தந்தது. வாசிப்பு, பணக் கணக்கு இரண்டின் புள்ளிகளையும் அதோடு சேர்த்தபோது மொத்தம் 12ஐத் தாராளமாகத் தாண்டியது. நிலுவையும் வந்து சேர்ந்தது.

தொலைபேசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், அன்றாடத் தலையிடி அதுதான். எங்கே எடுத்தாலும் முதலில் பிறந்த திகதி கேட்பார்கள். எண்ணில் தடுமாறுகிறவர் தவறான திகதியைச் சொன்னால், பாதுகாப்புக் காரணம் சொல்லி அழைப்பை முடித்துவிடுவார்கள். சிலர் நிரந்தரமாகப் பிள்ளையை ‘அப்பொயின்டி’ ஆக்கிவிடுகிறார்கள். அது தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாதவருக்கு உரிய ஏற்பாடு. அதன் பிறகு கடிதமும் பணமும் பிள்ளை பெயருக்கு வரும். புத்தி தெளிவாக இருக்கிற அப்பாவை அப்படி ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, அவரும் விரும்பவில்லை. ஆகவே, மகள் எனக்காகக் கதைக்கலாம் என்று கையொப்பமிட்ட கடிதத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி அனுப்பினோம். இவரோடு தொலைபேசி வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள் என்றும் அதே கடிதத்தில் கேட்டோம். நேரில் மதிப்பீடு கேட்பதாக இருந்தாலும் அதற்கான காரணத்தை இப்படி எழுத்தில் கொடுப்பது நல்லது. தொலைபேசியில் அப்பாவின் கைச்சைகை போகாது. கைச்சைகை இல்லாவிட்டால் அவருடைய பேச்சில் பாதி இல்லை.

இப்போது மீளாய்வுப் படிவம் வந்திருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்டின் புதிய கடிதத்துக்குக் கேட்டிருக்கிறோம், ஒலிப்பதிவுக் கோரிக்கையும் எழுதியாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கான அந்த நாலு வரியை இந்தத் தடவை இங்கிலிஷிலும் தமிழிலும் தட்டச்சுச் செய்து படிவத்தின் முதல் பக்கத்திலேயே பின் குத்தி வைத்திருக்கிறேன்.